எண்ணெய் பத்தாத கலங்கரை விளக்கம்

போன ஆடி மாதம் ஆறு டாலர் கொடுத்து ஒரு போர்டு கேம் வாங்கினேன். நம் காசில் ஐந்நூறு ரூபாய் சொச்சம். பெட்டி, கூரியர் எதுவும் கிடையாது, பிடிஎஃப் மட்டும்தான். நாமே அச்சடித்து, நாமே வெட்டி, நாமே ஆடிக்கொள்ள வேண்டும். 54 சீட்டுகள், 12 பக்க விதிப்புத்தகம். புயல் இரவில் ஒரு தீவின் கலங்கரை விளக்கை அணையாமல் காப்பாற்றுவதுதான் ஆட்டம். எல்லோரும் ஒரே அணி: ஜெயித்தால் சேர்ந்து ஜெயிக்கிறோம், தோற்றாலும் சேர்ந்துதான்.

படமும் எழுத்தும் ஏஐ கொண்டு செய்தவை என்று விற்ற இடத்திலேயே போட்டிருந்தார்கள். அதனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அட்டைப்படத்தைப் பார்த்து மயங்கி வாங்கியது நான்தான். கருநீலக் கடல், அதன் நடுவில் ஆரஞ்சு நிற விளக்கொளி, பாறையில் மோதித் தெறிக்கும் நுரை. இந்த மாதிரிப் படத்துக்கு ஆறு டாலர் தகும் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

ஆட்டத்தின் எலும்புக்கூடு இதுதான். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை, 12 மணி நேரம் விளக்கு எரிய வேண்டும். மணிக்கு ஒரு எண்ணெய் செலவு. ஆரம்பத்தில் கையில் 6 எண்ணெய். ஒவ்வொரு மணி நேரத்திலும் அணிக்கு ஓர் உதவிச் சீட்டும் ஓர் ஆபத்துச் சீட்டும் எடுக்க வேண்டும். உதவிச் சீட்டு 18 (எண்ணெய், கயிறு, உணவு என்று), ஆபத்துச் சீட்டு 24. மீதி இடங்களும் பாத்திரங்களும். ஆபத்து வந்தால் இரண்டு பகடை உருட்டலாம். கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கு மேல் வந்தால் தப்பித்தோம், இல்லையென்றால் சீட்டில் போட்டிருக்கும் நஷ்டம் நம் தலையில்.

முதல் சோதனைக்கு நல்ல அச்சு தேவையில்லை. ஒரு சீட்டு 63-க்கு 88 மில்லிமீட்டர். ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது அடங்கும். ஆறு தாள் கறுப்பு வெள்ளையில் அடித்து, வெட்டி, பழைய ரம்மி சீட்டுகளோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் செருகினேன். எண்ணெய்க்குப் புளியங்கொட்டை, கயிற்றுக்குச் சட்டைப் பொத்தான்.

ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு பேர் உட்கார்ந்தோம். 'கடைசியாகக் கடலைப் பார்த்தவர் முதலில் ஆட வேண்டும்' என்று விதி. நாங்கள் மதுரைக்காரர்கள். ராமேஸ்வரம் போனது யார், எப்போது, தனுஷ்கோடி வரை போனால்தான் கணக்கா, பஸ்ஸில் பாம்பன் பாலத்தைத் தாண்டியதையும் சேர்க்கலாமா என்று பத்து நிமிடம் சண்டை. அன்றைக்கு ஆட்டத்தில் மிகவும் ரசித்த இடம் அதுதான்.

எட்டாவது மணியில் விளக்கு அணைந்தது. சரி, முதல் தடவை. அடுத்த ஆட்டம் ஏழாவது மணியோடு போச்சு. மூன்றாவதில் உதவிச் சீட்டெல்லாம் நன்றாக வந்தும் ஒன்பதைத் தாண்டவில்லை. "மாப்ள, இது ஜெயிக்கிற ஆட்டமா, இல்ல சும்மா சோகக் கதையா?" என்றான் நண்பன். நமக்குத்தான் ஆடத் தெரியவில்லையோ என்று விதிப்புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். எங்கள் பக்கம் தப்பில்லை.

அன்று இரவு காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். 18 உதவிச் சீட்டில் எண்ணெய் தருபவை மூன்று, ஒவ்வொன்றும் 2 எண்ணெய். 12 மணி நேரத்தில் 12 சீட்டு எடுப்போம் என்பதால் சராசரியாக அந்த மூன்றில் இரண்டுதான் கைக்கு வரும். ஆக 6-உம் 4-உம் சேர்ந்து 10. தேவையோ 12. சரி, அதிர்ஷ்டம் அடித்து மூன்றும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மொத்தம் 12-தான். ஒரு சொட்டு சிந்தினாலும் இருட்டு. 24 ஆபத்துச் சீட்டில் ஏழு எண்ணெயைச் சிந்த வைப்பவை. 12 எடுத்தால் அவற்றில் மூன்று நான்காவது வரும். இரண்டு பகடையில் 9-உம் அதற்கு மேலும் விழ 36-க்கு 10 வழிதான், நூற்றுக்கு 28 என்று வைக்கலாம். விதிப்புத்தகமோ அதை 'சமநிலையான சவால்' என்கிறது. தாயம் உருட்டி வளர்ந்த பாட்டி யாராவது இருந்திருந்தால், கணக்கே போடாமல் கட்டத்தைப் பார்த்தவுடன் சொல்லியிருப்பார்.

கையால் போட்ட கணக்கைச் சரிபார்க்க ஒரு சின்ன நிரல் வேண்டியிருந்தது. இதற்கு நானும் ஏஐயிடம்தான் போனேன், மறைப்பானேன்? விதிகளைச் சொன்னதும் அரை நிமிடத்தில் பைத்தானில் எழுதிக் கொடுத்தது. 10,000 ஆட்டம் ஓடவிட்டால் நூற்றுக்கு 19 வெற்றி என்று வந்தது. எனக்குச் சந்தேகம். ஒரு சொட்டும் சிந்தாமல் ஆடுவது அவ்வளவு சுலபமா? வரி வரியாகப் பார்த்தேன். சிந்திய எண்ணெயை ஓர் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டு, அதைக் கையிருப்பிலிருந்து கழிக்காமலே விட்டிருந்தது. கடைக்காரர் கடன் நோட்டில் எழுதிவிட்டுக் கேட்க மறந்த மாதிரி. அந்த ஒரு வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன்: 10,000 ஆட்டத்தில் 61 வெற்றி. வாரத்துக்கு மூன்று ஆட்டம் என்றால் நாங்கள் ஜெயிப்பதற்குச் சராசரியாக ஒரு வருடம் ஆகும்.

இங்கே எனக்கு ஒன்று புரிந்தது. இந்த ஆட்டத்தை எனக்கு முன் யாரும் ஆடியதில்லை. ஒரே ஒரு சாயங்காலம் ஆடியிருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்கும். விற்பவரின் பட்டியலைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். முந்தின மாதத்தில் மட்டும் பதினோரு ஆட்டம் வெளியிட்டிருந்தார். பதினொன்றையும் உட்கார்ந்து ஆடிப் பார்க்க மனுசனுக்கு ஏது நேரம்?

54 சீட்டையும் ஒரு விரிதாளில் ஏற்றினேன்: பெயர், விளைவு, எதை எடுக்கிறது, எதைக் கொடுக்கிறது. பெயர் நெடுவரிசையைப் பார்த்தால் அலங்காரம்தான்: 'காற்றின் எச்சரிக்கை', 'புயலின் முணுமுணுப்பு', 'அலைகளின் கோபம்'. விளைவு நெடுவரிசையைத் தனியாக வரிசைப்படுத்தினால் 24 ஆபத்தும் ஒன்பது வகைக்குள் சுருண்டுவிட்டன. மேலே சொன்ன மூன்றும் ஒரே வேலை செய்பவை. இரண்டு உதவிச் சீட்டு 'நம்பிக்கை டோக்கன்' ஒன்றைத் தருகின்றன. நம்பிக்கை டோக்கனை எதற்குப் பயன்படுத்துவது என்று 12 பக்கத்திலும் ஒரு வரி இல்லை. மீகாமன் பாத்திரத்துக்கோ 'நங்கூரத்தைத் திருப்பினால்' ஒரு சிறப்புச் சக்தி உண்டு. இந்த ஆட்டத்தில் நங்கூரமே கிடையாது. வேறு ஏதோ ஆட்டத்திலிருந்து மிதந்து வந்து ஒதுங்கியிருக்கிறது.

விற்பவருக்கு எழுதிக் கேட்டேன். ஒரு நிமிடத்துக்குள் பதில். மிகப் பணிவான பதில், என் கூர்மையான கவனத்துக்குப் பாராட்டு வேறு. 'எண்ணெய் குறையும்போது நம்பிக்கை டோக்கனை உத்தியோடு பயன்படுத்துங்கள்' என்றது. அதையும் யார் எழுதியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே மூடி வைத்தேன்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், வாங்கவைத்தது அவைதானே. தனித்தனியாகப் பார்த்தால் அழகு. உற்றுப் பார்த்தால் ஒரு சீட்டில் படகின் கயிறு பலகைக்குள் நுழைந்து மறுபக்கம் மீன்வலையாக வெளியே வருகிறது. விளக்குக் கோபுரத்துக்கு இரண்டாம் மாடி உயரத்தில் கதவு, ஏறப் படி இல்லை. இந்த மாதிரிப் பிழை வேட்டை இப்போது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. 2023 ஆகஸ்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தின் ராட்சதர் நூலில் சில படங்களை ஓவியர் ஏஐ கொண்டு மெருகேற்றியிருந்ததை வாசகர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகே நிறுவனம் ஓவியர்களுக்கான விதிகளை மாற்றியது. ஆனால் படி இல்லாத கதவால் என் ஆட்டம் கெடவில்லை.

கெட்டது வேறு இடத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் கிடக்கும் சீட்டு எண்ணெயா கயிறா என்று எட்டிப் பார்க்காமலே தெரிய வேண்டும். சீட்டில் படம் இருப்பதன் முதல் வேலையே அதுதான். இஸ்பேடும் ஆட்டினும் எதிரில் இருப்பவர் கையிலிருந்து விழும்போதே நமக்குத் தெரிகிறதே, அந்த மாதிரி. இங்கே 54 படமும் ஒரே கருநீலம், ஒரே ஆரஞ்சு. கயிற்றுச் சீட்டிலும் புயல், ரொட்டிச் சீட்டிலும் புயல். விளக்குக் காவலர் மூன்று சீட்டில் வருகிறார். மூன்றிலும் மூன்று முகம், ஒன்றில் தாடிகூட இல்லை. 54 தடவை தனித்தனியாகக் கேட்டு வாங்கிய படங்கள் அவை. அருகருகே பரப்பி வைத்து யாரும் பார்க்கவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது.

பழுது பார்ப்பதை எண்ணெயிலிருந்து தொடங்கினேன். பயனில்லாத அந்த இரண்டு நம்பிக்கைச் சீட்டையும் எண்ணெய்ச் சீட்டாக்கினேன். இப்போது மூன்றுக்குப் பதில் ஐந்து. ஆரம்பக் கையிருப்பு 6-இலிருந்து 7. தப்பிப்பதற்கான எண் 9-இலிருந்து 8. 36-க்கு 15 வழி, நூற்றுக்கு 42-ஐ ஒட்டி வரும். காகிதத்தில் போட்டால் வரவு சுமார் 13.7, செலவும் சிந்தலும் சேர்ந்து 14. மயிரிழை பற்றாக்குறை, அதுதான் எனக்கு வேண்டியது. நிரலில் ஓட்டினால் நூற்றுக்கு நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் வெற்றி. முதலில் கையிருப்பை 8 வைத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் ஜெயித்தது. வியர்க்காமல் ஜெயித்தால் புயல் எதற்கு என்று ஒன்றைக் குறைத்தேன். மீகாமனின் நங்கூரத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஆட்டத்துக்கு ஒருமுறை பகடையை மறுபடி உருட்டலாம் என்று மாற்றினேன்.

சொல்வதற்குச் சுலபம். பிடிஎஃபில் எழுத்தெல்லாம் படத்தோடு படமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஓர் எண்ணை மாற்ற வேண்டுமானாலும் அந்த இடத்தில் காகித நிறத்தில் ஒட்டுப் போட்டு மேலே புதிதாக எழுத வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நான்கு சீட்டு ஒட்டியபின் பொறுமை போய்விட்டது. படத்தை மட்டும் வெட்டியெடுத்து, சட்டகத்தை நானே புதிதாகப் போட்டேன். சீட்டின் இடது ஓரம் முழுக்க ஒரு சென்டிமீட்டர் வண்ணப்பட்டை: எண்ணெய்க்கு மஞ்சள், கயிற்றுக்குப் பழுப்பு, உணவுக்குப் பச்சை, ஆபத்துக்குச் சிவப்பு. மேல் மூலையில் குப்பி, முடிச்சு, ரொட்டி என்று சின்னச் சின்னக் கோட்டோவியங்கள். நண்பனின் தங்கை பால்பாயின்ட் பேனாவில் வரைந்து மொபைலில் படமெடுத்து அனுப்பினாள். கோணல்மாணலான குப்பிதான். ஆனால் மூன்றடி தள்ளி இருந்தும் குப்பி என்று தெரிகிறது.

சட்டகம் புதிதென்றால் எழுத்தும் புதிது. சரி, தமிழிலேயே போட்டுவிடலாம் என்று விதிகளை ஏஐயிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னேன். 'உதவிக் கட்டிலிருந்து ஒரு சீட்டை வரையவும்' என்று வந்தது. ஆங்கிலத்தில் படம் வரைவதற்கும் சீட்டு எடுப்பதற்கும் ஒரே சொல் என்பதால் வந்த வினை. 'உங்கள் கையில் ஐந்துக்கு மேல் இருந்தால் கையை நிராகரிக்கவும்' என்றது இன்னோர் இடத்தில். கையை வெட்டிக் கொடுக்கச் சொல்லவில்லையே, அதுவரை சந்தோஷம். நம் ஊரில் சீட்டு ஆடுபவர் யாரும் இப்படிப் பேசுவதில்லை. கட்டைக் குலுக்குவோம், வெட்டுவோம், சீட்டு எடுப்போம், இறக்குவோம், கவிழ்த்து வைப்போம். கல்யாண வீட்டு மாடியில் விடிய விடிய ரம்மி ஆடும் மாமாக்களிடம் இருக்கும் மொழி எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. முழுவதையும் உட்கார்ந்து நானே எழுதினேன். 12 பக்கம் நாலரைப் பக்கமானது. கடலைப் பார்த்தவர் விதியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

நல்ல அச்சுக்கு டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு டிஜிட்டல் பிரின்ட் கடைக்குப் போனேன். அண்ணன் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "தம்பி, இது இருட்டா விழும். ஸ்கிரீன்ல வெளிச்சம் உள்ளேருந்து வருது, பேப்பர்ல எங்கருந்து வரும்?" ஒரு தாளைச் சோதனைக்கு அடித்துக் காட்டினார். உண்மைதான். நான் ஆறு டாலர் கொடுத்த அந்த ஆரஞ்சு ஒளி செங்கல் நிறத்தில் செத்துக் கிடந்தது. கடல் வெறும் கறுப்பு. திரையின் ஆர்ஜிபி வண்ணத்தில் இருக்கும் பளிச்சென்ற நிறங்கள் பல, அச்சு மையின் சிஎம்ஒய்கேவுக்குள் அடங்காது. அச்சுக்கென்று வேலை செய்யும் ஓவியர் ஆரம்பத்திலேயே மனதில் வைத்திருக்கும் விஷயம் இது. வீட்டுக்கு வந்து நடுத்தர நிறங்களை எல்லாம் வெளிச்சமாக்கி, மறுநாள் திரும்பப் போனேன்.

வெட்டு விளிம்புக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் வண்ணம் நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கத்தி ஒரு நூல் நகர்ந்தாலும் வெள்ளைக்கோடு தெரியும். மூலக் கோப்பில் அதுவும் இல்லை. புதுச் சட்டகத்தில் ஒரே நிற ஓரம் என்பதால் இழுத்துவிட்டேன். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, 12-க்கு 18 அங்குலத் தாள் மூன்று, ஒரு தாளுக்கு 18 சீட்டு, முன்னும் பின்னும் அச்சு, மேட் லேமினேஷன். 290 ரூபாய். பின்பக்கம் மட்டும் முன்பக்கத்தோடு சரியாக உட்காராமல் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்தது. "டிஜிட்டல்ல அவ்வளவு போகும் தம்பி, பார்டர் வைக்காத" என்றார் அண்ணன். பின்பக்கத்தில் சட்டகத்தை எடுத்துவிட்டு, விளிம்புவரை ஓடும் அலைக்கோடுகளாக மாற்றியதும் நகர்வு கண்ணுக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் நண்பனோடு விவாதம் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் கட்சி: ஏஐ படம் என்றால் காசு கொடுக்க மாட்டார்கள் என்பது பொய். "டெராஃபார்மிங் மார்ஸையே பாரு மாப்ள." அவன் சொன்னது சரிதான். மக்களிடம் முன்பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர் 2023 ஆகஸ்ட் 29 முதல் ஏஐ பயன்பாட்டை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தது. 2024-இல் டெராஃபார்மிங் மார்ஸ் என்ற அந்த போர்டு கேமின் புதிய விரிவாக்கங்களுக்கு அங்கே பணம் திரட்டியபோது ஏஐ பயன்படுத்துகிறோம் என்று போட்டார்கள். நிறையப் பேர் திட்டினார்கள். திரண்டதோ 20 லட்சம் டாலருக்கு மேல். மறுபக்கம், பாத்ஃபைண்டர் என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தை வெளியிடும் பைசோ நிறுவனம் 2023 மார்ச்சிலேயே தன் நூல்களில் ஏஐ படைப்புக்கு இடமில்லை என்று அறிவித்துவிட்டது. இரண்டும் பிழைப்பு நடத்தத்தான் செய்கின்றன.

ஆனால் டெராஃபார்மிங் மார்ஸ் 2016-இல் வந்தபோதே அதன் படங்களை யாரும் பெரிதாகப் புகழவில்லை. எங்கோ வாங்கிய புகைப்படமும் ஓவியமும் கலந்துகட்டிய சீட்டுகள். அதற்காக யாரும் அதை வாங்கவில்லை. எத்தனையோ ஆயிரம் மேசைகளில் ஆடி ஆடி உறுதியான விதிகளுக்காக வாங்கினார்கள், அந்த நம்பிக்கையில்தான் 2024-இலும் பணம் போட்டார்கள். நான் வாங்கியதில் அந்தப் பகுதிதான் காலி. ஏஐ என்று ஒட்டிய குறிப்பு, படம் எப்படி வந்தது என்று சொல்கிறதே தவிர, இதை எத்தனை பேர் எத்தனை தடவை ஆடித் தோற்றார்கள் என்று சொல்வதில்லை. பெட்டியில் வரும் நல்ல ஆட்டங்கள் பலவற்றில் விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சோதித்து ஆடியவர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். இத்தனை வருடம் நான் அதைப் படித்ததே இல்லை. இப்போது காசு கொடுக்குமுன் நேரே அந்தப் பக்கத்துக்குத்தான் போகிறேன். பெயர்கள் இருந்து, படம் மட்டும் ஏஐ என்றால் எனக்குப் பாதி மனதோடு சம்மதம். ஓவியர்களின் வயிற்றில் அடிக்கும் விஷயம் என்பதால் மீதிப் பாதி மனம் வரவில்லை.

"இவ்வளவு வேலை பாத்துட்ட, பேரை மாத்தி நீயே விக்கலாம்ல?" என்றும் கேட்டான். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் ஒரு படக்கதை விஷயத்தில், இயந்திரம் உண்டாக்கிய படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை, ஆசிரியர் எழுதிய வசனத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் உண்டு என்றது. அதை நம் ஊருக்கு இழுத்துவந்து வியாபாரம் செய்யும் துணிச்சல் எனக்கில்லை. என் பையில் ஒரு கட்டு இருந்தால் போதும்.

கணக்கு: ஆட்டத்துக்கு ஐந்நூறு சொச்சம், அச்சுக்கு 290, வீணான சோதனைத் தாளுக்கு 40, நான்கு வாரச் சாயங்காலங்கள். இந்தப் பணத்துக்கு, ஏற்கெனவே பிறர் ஆடித் தோற்றுச் சரிசெய்த சின்னச் சீட்டாட்டம் ஒன்றைப் பெட்டியோடு வாங்கியிருக்கலாம்.

போன ஞாயிறு மறுபடி மாடியில். நண்பனின் தங்கை அந்த வாரம்தான் திருச்செந்தூர் போய் வந்திருந்தாள், அதனால் யார் முதலில் என்ற சண்டை இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. முதல் ஆட்டம் பத்தாவது மணியில் தோற்றோம். இரண்டாவதில் பதினோராவது மணி முடிந்தபோது கையில் இரண்டு புளியங்கொட்டை. கடைசி மணியில் உதவிச் சீட்டு எடுத்தால் கயிறு. ஆபத்துச் சீட்டில் 'பீப்பாய் உருண்டது: 2 எண்ணெய் இழப்பு'. நண்பன் உருட்டினான். மூன்றும் நாலும், ஏழு. மீகாமன் தங்கையிடம் இருந்தார். அவள் பகடையைக் கையில் வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள். கீழேயிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், யாரும் எழுந்திருக்கவில்லை. உருட்டினாள். ஒன்று உடனே ஐந்தில் நின்றது. இன்னொன்று துள்ளி, மாடிப்படி வழியாகத் தடதடவென்று கீழே போய்விட்டது. கீழே எந்த எண் விழுந்திருந்தாலும் அது செல்லுமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். விதிப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரி சேர்க்க வேண்டும்.